எக்ஸைத் தேடிய ஞாயிற்றுக்கிழமைகள்

நேற்று மாலை பஸ்ஸின் மேல்தட்டில், எனக்கு இரண்டு இருக்கை முன்னால் இருந்த ஒரு பெண் கைப்பையிலிருந்து சின்னத் தைலப் போத்தலை எடுத்து நெற்றியில் தேய்த்துக்கொண்டாள். மழை நாள். யன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. ஈரக் கோட்டுகளின் புழுக்கத்தோடு கற்பூரமும் கிராம்பும் கலந்த அந்த வாசம் பஸ் முழுக்கப் பரவியது. பக்கத்தில் இருந்த ஆங்கிலேயர் பத்திரிகையைச் சற்று உயர்த்திப் பிடித்தார். எனக்கோ, கையில் ஒரு கணக்குப் புத்தகம் இல்லையே என்ற நினைப்பு வந்தது.

அந்த வாசம் வந்தால் கணக்குச் செய்யவேண்டும். உம்மோடு இருந்து இருந்து என் மூளை அப்படிப் பழகிவிட்டது. நாம் இருவரும் படித்த உளவியலில் இதற்கு ஒரு பெயர்கூட உண்டு. நீர் இருந்திருந்தால், "ஆமாலா, மணியடிச்சா எச்சில் விடுற நாய்தான் நீ" என்று சொல்லிவிட்டு, நான் கோபிப்பதற்கு முன்பே சிரித்திருப்பீர்.

நீர் போன பிறகு வரும் இரண்டாவது குளிர்காலம் இது. இறங்கவேண்டிய தரிப்பை விட்டு எங்கேயோ போய் இறங்கி, நனைந்துகொண்டு வீட்டுக்கு நடந்தேன். நடக்கும்போதே உமக்கு எழுதத் தொடங்கிவிட்டேன்.

'நீர்' என்று நான் முதன்முதலில் சொன்னபோது உம்முடைய முகம் போன போக்கு நினைவிருக்கிறதா? கல்லூரியில் சேர்ந்து ஒரு மாதம் இருக்கும். அதுவரை நான் உம்மை 'நீங்கள்' என்றேன். நீரோ முதல் நாளிலிருந்தே என்னை 'நீ' என்றீர். மலேசியாவில் ரப்பர் தோட்டத்தில் பிறந்து, பத்தொன்பது வயதில் தாதிப் படிப்புக்கென்று தனியே லண்டனுக்கு வந்த பெண் நீர். உமக்கு எல்லோரும் 'நீ'தான். நான் யாழ்ப்பாணத்துக்காரி. எங்களிடம் நடுவில் ஒரு சொல் இருக்கிறது. மரியாதையும் குறையாது, தூரமும் இருக்காது. கூட்டாளிக்கும் சொல்லலாம், கட்டியவருக்கும் சொல்லலாம். அன்று கன்டீன் வரிசையில் நின்று, "நீர் தேத்தண்ணி குடிக்கிறீரோ?" என்று கேட்டேன். நீர் தட்டை வைத்துவிட்டுத் திரும்பினீர்.

"என்னா, ராஜா நாடகம் மாதிரி பேசுற? நானென்ன மந்திரியா?"

அன்றிலிருந்து என் பெயரையும் விட்டுவிட்டீர். நான் உமக்கு 'யாழ்ப்பாணம்' ஆனேன். கல்லூரி வாசலின் மறுபக்கத்திலிருந்து, பஸ் இரைச்சலுக்கு மேலாக, "ஏய் யாழ்ப்பாணம்" என்று நீர் கூப்பிட்டால் தெருவே திரும்பிப் பார்க்கும். எனக்கு முதலில் கூச்சம். பிறகு ஒரு நாள் நீர் கூப்பிடாமல் வந்து தோளில் தட்டியபோது, ஏதோ குறைந்ததுபோல் இருந்தது.

எண்பதுகளின் கடைசி அது. பள்ளிப்படிப்பை எப்போதோ விட்டுவிட்ட பெரியவர்களை, ஒரு வருடத்தில் பல்கலைக்கழக வாசல்வரை கொண்டுபோய் விடும் வகுப்பு அது. தெற்கு லண்டனின் பழைய கல்லூரிக் கட்டிடம் ஒன்றின் மூன்றாம் மாடியில் நடந்தது. எங்களோடு பஸ் ஓட்டியவர் ஒருவர் இருந்தார், கட்டிட வேலையில் முதுகு முறிந்தவர் இருந்தார், நான்கு பிள்ளைகளை வளர்த்து முடித்த ஜமேக்கா அம்மா இருந்தார். ஆனால் உளவியல் படிக்கப் போகிறோம் என்று கையை உயர்த்திய தமிழர் நாம் இருவர்தான்.

நான் ஏன் அங்கே வந்தேன் என்று முதல் வாரமே கேட்டீர். ஊரில் உயர்தரம் படித்தும் பல்கலைக்கழகம் கிடைக்காமல், கலியாணம் முடித்து இங்கே வந்தவள் நான். பள்ளிக்கூட கன்டீனில் வேலை. எண்பத்துமூன்று கலவரத்துக்குப் பிறகு எங்கள் சனம் வந்து சேரச் சேர, ஆங்கிலம் கொஞ்சம் தெரிந்த எவரும் மொழிபெயர்ப்பாளர் ஆகிவிட்டார்கள். நானும் டொக்டரிடமும் கவுன்சிலுக்கும் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போவேன். அவர்கள் அரை மணி நேரம் சொல்வதை நான் இரண்டு ஆங்கிலச் சொல்லில் சுருக்கிக் கொடுப்பேன். டொக்டர் அதை இன்னும் சுருக்கி ஒரு மாத்திரை ஆக்குவார். வெளியே வரும்போது அந்தச் சனம் எனக்கு நன்றி சொல்லும். அந்த நன்றி எனக்குச் செரிக்கவில்லை. இதைத்தான் உமக்குச் சொன்னேன்.

நீர் தலையை ஆட்டினீர். "எனக்கும் அதேதான்லா. பெரிய மனநோய் ஆஸ்பத்திரியில இத்தன வருஷமா மருந்து வண்டியத் தள்ளுறேன். யாருக்கு என்னா மாத்திரைன்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்வேன். ஏன் அழுதாங்கன்னு கேட்டா தெரியாது. கேக்க நேரமே இருந்ததில்ல."

அந்த ஆஸ்பத்திரியை மூடப்போகிறார்கள் என்ற பேச்சு அப்போதே வந்துவிட்டது. அரை ஆயுளை வார்டில் கழித்தவர்களைச் சின்னச் சின்ன வீடுகளில் கொண்டுபோய் வைக்கப்போகிறார்களாம். "அந்த வீட்டுல மருந்து வண்டி இருக்காது. அவங்க பக்கத்துல உக்காந்து பேசுற ஆள் வேணும். அதுக்குப் படிச்சிருக்கணும்னு கேக்குறாங்க. சரி, படிச்சிட்டாப் போச்சு" என்றீர்.

வீட்டில் இவருக்கு, என் கணவருக்கு, அது பெரிதாகப் பிடிபடவில்லை. பெற்றோல் ஸ்டேஷனில் ஷிப்ட் முடிந்து வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே கேட்டார்: "எல்லாம் சரி, படிச்சுப்போட்டு என்ன, பைத்தியங்களோடை கதைக்கப் போறீரோ?" நான் அவருடைய சாப்பாட்டைச் சூடாக்கப் போனேன். ஒரு நாள் நீர் எங்கள் வீட்டுக்கு வந்து, அவர் அதையே உம்மிடம் கேட்டபோது, "இப்ப உங்களோட பேசலியா?" என்றீர். அவர் ஒரு கணம் விழித்துவிட்டு, வாய்விட்டுச் சிரித்தார். அதன் பிறகு நீர் கொண்டுவரும் சம்பலுக்காகவே உம்மை எதிர்பார்க்கத் தொடங்கிவிட்டார்.

உமக்கு வராதது கணக்கு. எனக்கு வராதது பேச்சு. அந்த வருடம் முழுக்க நாம் செய்தது ஒரு பண்டமாற்றுத்தான். உளவியல் படிப்புக்குக் கணக்குச் சோதனையில் தேறியிருக்கவேண்டும். சராசரி, சதவீதம், வரைபடம் எல்லாம் அங்கே தேவைப்படும். என்னிடம் ஊரில் சாதாரண தரச் சோதனையில் தேறிய கணக்கு இருந்தது. உம்மிடம் எதுவும் இல்லை. தோட்டப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் பாதி நாள் வரமாட்டாராம். ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில், இரவு ஷிப்ட் முடித்துத் தூங்கி எழுந்து, ஸ்ட்ரெதமிலிருந்து பஸ் பிடித்து எங்கள் தோர்ண்டன் ஹீத் வீட்டுக்கு வருவீர். குசினியில், அடுப்புக்குப் பக்கத்து மேசையில் புத்தகத்தை விரிப்பீர். எழுத்தும் எண்ணும் கலந்த முதல் வரியைக் கண்டதும் தைலப் போத்தல் வெளியே வரும்.

"இந்த எக்ஸ் யாரு? இவன ஏன் நான் கண்டுபிடிக்கணும்? தொலைஞ்சவங்களத் தேட நான் என்ன போலீஸா?"

"நீர் பகிடி விடாமல் இந்தப் பக்கத்தைப் பாரும்."

"பாத்தா தல வலிக்குது."

நான் எனக்குப் படிப்பித்த மாதிரியே உமக்கும் படிப்பித்தேன். இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குக் கொண்டுபோ, கூட்டல் கழித்தல் சைகையை மாற்று என்று. நீர் மாற்றினீர். ஏன் மாற்றுகிறோம் என்று கேட்டபோது அடுத்த கணக்கைக் காட்டினேன்.

எனக்கான பாடம் தேத்தண்ணீருக்குப் பிறகு தொடங்கும். நீர் என் மூக்குக்கண்ணாடியை வாங்கி மூக்கு நுனியில் மாட்டிக்கொண்டு பேராசிரியர் ஆவீர். நான் எழும்பி நின்று, ஏன் உளவியல் படிக்க விரும்புகிறேன் என்று ஆங்கிலத்தில் சொல்லவேண்டும். நான் சுவரைப் பார்த்து முணுமுணுப்பேன். "சுவத்துக்கிட்ட பேசாத, என்கிட்ட பேசு" என்பீர். என் மகள் அப்போது முதலாம் வகுப்பு. கதவோரம் நின்று பார்த்துவிட்டு, அம்மாவுக்கு ஏன் பனிஷ்மென்ட் என்று தகப்பனிடம் போய்க் கேட்டாள்.

இளவேனில் தொடங்குவதற்குள் ஒரு சின்ன ஆய்வு செய்து எழுதிக் கொடுக்கவேண்டியிருந்தது. நாம் இருவரும் சேர்ந்து செய்தோம். ஒரு சொற்பட்டியலை வாசித்துக் காட்டி, கொஞ்ச நேரம் கழித்து நினைவில் இருப்பதைச் சொல்லச் சொல்வது. தமிழில் ஒரு முறை, ஆங்கிலத்தில் ஒரு முறை. ஆட்களுக்கு எங்கே போவது என்று யோசித்தபோது, சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும் பெற்றோரைப் பிடிக்கலாம் என்று நான் சொன்னேன். தமிழ்ப் பட்டியலை நான் எழுதினேன். நீர் படித்துப் பார்த்துவிட்டு, "திறப்புன்னா என்னா? திறப்பு விழாவா?" என்றீர்.

"சாவி."

"அப்ப சாவின்னு எழுது."

"எங்கடை ஆக்களுக்கு இது திறப்புத்தான்."

"சரி, உன் ஊரு, உன் திறப்பு."

அந்த மண்டபத்தில் நாம் பட்ட பாட்டை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது. உளவியல் ஆய்வு என்று சொன்னதை எல்லோரும் பரீட்சை என்று எடுத்துக்கொண்டார்கள். ஒரு அண்ணை தன் மனைவிக்குப் பின்னால் நின்று சொல் எடுத்துக் கொடுத்தார். இன்னொரு பெண், "பிள்ளை, நான் பாஸோ? அந்தக் கமலாவை விடக் கூடவோ?" என்று கேட்டு, பதில் வரும்வரை எழும்பவில்லை. நீர் எல்லோருக்கும் ஒரே பதில்தான் சொன்னீர்: "நல்ல மார்க், ரொம்ப நல்ல மார்க்."

பிறகு ஒரு அக்கா வந்தார். மகளைக் கூட்டிப்போக வந்தவர், நாட்டிலிருந்து வந்து ஒரு வருடமும் ஆகாதவர். என்னை விட நாலைந்து வயது கூட இருக்கும். நான் வாசித்தேன். வீடு, விளக்கு, கதவு, திறப்பு என்று பட்டியல் போகும். நேரம் விட்டுக் கேட்டபோது அவர் நன்றாகவே சொன்னார். கடைசியில், "பூட்டு" என்றார்.

"அது இதிலை இல்லை அக்கா."

"இருந்தது தங்கச்சி. திறப்புக்கு அடுத்ததாய்ச் சொன்னனீங்கள்."

நான் தாளைப் பார்த்தேன். இல்லை என்று தலையாட்டினேன்.

அவர் மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நான் பூட்டிப்போட்டுத்தான் வந்தனான். முன் கதவும் பூட்டினனான், குசினிக் கதவும் பூட்டினனான். மனுசன் வா வா எண்டு கத்துறார். நான் திரும்பிப் போய் இழுத்துப் பாத்தனான். பூட்டித்தான் கிடந்தது."

அதற்கு மேல் அவரால் ஏலவில்லை. அழுதார். மண்டபத்தில் பிள்ளைகள் தேவாரம் பாடிக்கொண்டிருந்தார்கள். "அழாதையுங்கோ அக்கா" என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். நீர் மேசைக்குக் கீழே என் கையை அழுத்தினீர். எழும்பி, உம்முடைய கதிரையை இழுத்துக்கொண்டு போய் அவருக்குப் பக்கத்தில் போட்டீர், எதிரே அல்ல. ஒன்றும் சொல்லவில்லை. தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. வெகு நேரத்துக்குப் பிறகு மெல்லக் கேட்டீர்: "அந்த வீட்டுல எத்தன கதவு?"

அவர் நிமிர்ந்து உம்மைப் பார்த்தார். பிறகு ஒவ்வொரு கதவாகச் சொல்லத் தொடங்கினார். எந்தக் கதவு மழைக்கு ஊதி இறுகும், எந்தக் கதவில் மகள் உயரம் பார்த்துக் கோடு போட்டாள், எதற்குப் பூட்டே இல்லை, தாழ்ப்பாள் மட்டும் என்று. சொல்லி முடித்தபோது வகுப்பும் முடிந்திருந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நான் எத்தினை சரி?" என்று கேட்டார். நீர் அதே பதிலைச் சொன்னீர்.

அன்று பஸ்ஸில் வரும்போது நான் அந்தத் தாளை மடியில் வைத்திருந்தேன். பட்டியலில் இல்லாத சொல்லைச் சொன்னால் பிழை என்று குறிக்கவேண்டும். "எனக்கு இதைப் பிழை எண்டு போடக் கை வரேல்லை" என்றேன்.

"போடு. கணக்குக்குத் தப்பு தப்புதான். ஆனா ஏன் தப்புன்னு கீழ எழுது. அதுக்குத்தான நாம படிக்கப் போறோம்?"

நீர் கணக்கில் தேறாதவர் என்று யார் சொன்னது?

இருவருக்கும் ஒரே பல்கலைக்கழகத்திலிருந்து, ஒரே நாளில் நேர்முகத்துக்கு அழைப்பு வந்தது. நான் பாடமாக்கிய பதிலை ரயிலில் உதடசைத்துச் சொல்லிக்கொண்டே வந்தேன். நீர் இரவு ஷிப்ட் முடித்து நேரே வந்தவர். யன்னலில் சாய்ந்து குறட்டை விட்டீர். முதலில் உம்மைத்தான் கூப்பிட்டார்கள். உள்ளே இருந்து உம்முடைய சிரிப்புச் சத்தம் கேட்டது, அதைத் தொடர்ந்து அவர்களுடைய சிரிப்பும். நான் என் பதிலை முதலிலிருந்து மீண்டும் சொல்லிப் பார்த்தேன். வெளியே வந்து என் காதில், "மூணு பேரும் மனுஷங்கதான்" என்றீர். அவ்வளவுதான் நீர் தந்த குறிப்பு.

நான் பாடமாக்கிய கேள்வியை அவர்கள் கேட்கவே இல்லை. இந்த வருடம் படித்ததில் உங்களை ஆச்சரியப்படுத்தியது எது என்று கேட்டார்கள். நான் சுவரைப் பார்த்தேன். பிறகு, உம்முடைய சொல் நினைவு வந்து, நடுவில் இருந்த பெண்மணியின் முகத்தைப் பார்த்து, பட்டியலில் இல்லாத ஒரு சொல்லைப் பற்றிச் சொன்னேன். என் ஆங்கிலம் தடுக்கியது, ஆனால் நிற்கவில்லை. உங்கள் ஆய்வில் அதை எப்படிக் குறித்தீர்கள் என்று அவர் கேட்டார். பிழை என்று குறித்தேன், அதன் கீழே ஒரு பந்தி எழுதினேன் என்றேன். அவர் எதையோ எழுதிக்கொண்டார். அந்த அறையை விட்டு வெளியே வரும்போது, என் குரல் எனக்கே கேட்கும் குரலாக இருந்தது.

இருவருக்கும் இடம் தந்தார்கள். எனக்குக் கல்லூரி வகுப்பில் தேறினால் போதும். உமக்கு அதோடு கணக்குச் சோதனையிலும் தேறவேண்டும்.

ஓகஸ்ட் மாதம் உம்முடைய கணக்குச் சோதனைப் பெறுபேறு வந்த நாளில் தொலைபேசி அடிக்கவில்லை. நான் எடுத்தேன்; நீர் எடுக்கவில்லை. ஸ்ட்ரெதமுக்கு வந்து மணி அடித்தேன். கீழ் வீட்டுக்காரர் வந்து, வேலைக்குப் போய்விட்டீர் என்றார். ஒரு தரம் குறைந்துவிட்டது என்பதை நம் ஆசிரியை சொல்லித்தான் அறிந்தேன். அதன் பிறகும் நீர் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் குசினி மேசை சும்மா கிடந்தது. இவர்கூட, "எங்கை உம்மடை மலேசியாவைக் காணேல்லை?" என்று கேட்டார்.

நான் ஒரு முடிவுக்கு வந்தேன். என் இடத்தை அடுத்த வருடத்துக்குத் தள்ளிவைக்கும்படி கேட்கலாம். நீர் திரும்பச் சோதனை எடுத்துத் தேறியதும் சேர்ந்தே போகலாம். இவரிடம் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, "அவவிட்டைக் கேட்டனீரோ?" என்றார். நம் ஆசிரியையிடமும் சொன்னேன். அவர் மூலம் அது உம்முடைய காதுக்கு வந்திருக்கவேண்டும்.

அடுத்த ஞாயிறு வாசலில் நின்றீர். கையில் ஒரு பெட்டி கறிபாப், உள்ளே கிழங்கு வைத்துப் பொரித்தது, எண்ணெய் இன்னும் சூடு. உள்ளே வந்து கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"நீ எனக்காக நிக்கப் போறியாமே?"

"ஓம். ஒரு வருசந்தானே. சேந்து போவம்."

"நான் கேட்டேனா?"

"நீர் கேக்கமாட்டீர். அதுதான் நானே…"

"நீ இங்க குந்திக்கிட்டு இருந்தா எனக்குப் பாஸாகுமா? ரெண்டு பேரும் வெளிய நின்னா வழி யாருக்குத் தெரியும்? நீ முன்னால போ. அங்க கேன்டீன் எங்க இருக்கு, எந்த லெக்சரர் தூங்க வெப்பாரு, லைப்ரரில எந்த மூலையில ஹீட்டர் வேல செய்யுது, எல்லாம் பாத்து வை. அடுத்த வருஷம் நான் வரும்போது எனக்கு ஒரு ஆள் இருக்கணும்."

"நீர் இத்தினை நாளா வரேல்லை."

நீர் அப்போதுதான் கதிரையில் இருந்தீர். "வெக்கமா இருந்துச்சு" என்றீர். "நீ ஒரு வருஷம் சொல்லிக் குடுத்த. உன் மூஞ்சியப் பாக்க முடியல."

உமக்கு வெட்கம் என்ற ஒன்று இருக்கிறது என்பதே எனக்கு அன்றுவரை தெரியாது. நான் என் கதிரையை இழுத்து உமக்குப் பக்கத்தில் போட்டேன். நீர் அதைக் கவனித்துவிட்டு, "ஐயோ, என் வித்தைய என்கிட்டயே காட்டுறியா" என்றீர். இருவருமாகக் கறிபாப் தின்றோம். மிச்சம் இருந்ததை இவர் வேலைக்குக் கட்டிக்கொண்டு போனார்.

நான் ஒக்டோபரில் போனேன். ஞாயிற்றுக்கிழமைகள் திரும்பத் தொடங்கின. ஒரு நாள் நீர் கணக்கைத் தொடாமல், வார்டுக்குப் புதிதாக வந்த ஒரு தாதிப் பெண்ணைப் பற்றித் திட்டிக்கொண்டிருந்தீர். ஒரு மருந்தைக் கரைக்கும் அளவை அவள் பிழையாகச் சொன்னாளாம். "இத்தன மில்லிகிராம் வேணும், போத்தல்ல இத்தன இருக்கு, அப்ப எத்தன மில்லி இழுக்கணும்? இதுகூடத் தெரியல" என்று, ஒரு மூச்சில் விடையையும் சொன்னீர். நான் பேனாவை எடுத்து, நீர் சொன்னதை அப்படியே எண்ணாக எழுதினேன். இழுக்கவேண்டிய மில்லி லீற்றருக்கு மட்டும் ஒரு எக்ஸ் போட்டேன். தாளை உம்முடைய பக்கம் திருப்பினேன்.

தாளைக் கையில் எடுத்தீர்.

"இதுதானா?"

"இதுதான்."

"இத நான் தெனமும் செய்றேன்."

"ஓம். தினமும் எக்ஸைப் பிடிச்சு ஊசியிலை ஏத்திறீர்."

"அப்ப இவன் எதுக்கு முகமூடி போட்டுக்கிட்டு வந்தான்?" என்றீர். அன்று தைலப் போத்தல் வெளியே வரவில்லை. ஒரு வருடம் முழுக்க நான் உமக்கு என் கணக்கைப் படிப்பித்திருக்கிறேன். உம்முடைய கணக்கு எங்கே இருக்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை. இன்றைக்கு என் முன்னால் வந்து இருப்பவர்களிடம் முதலில் அதைத்தான் தேடுகிறேன். தாங்களே அறியாமல் இவர்கள் ஏற்கெனவே நன்றாகச் செய்துகொண்டிருப்பது எது என்று.

அடுத்த ஓகஸ்டில் தொலைபேசி அடித்தது. "யாழ்ப்பாணம், புடிச்சிட்டேன்லா." இருவரும் தொலைபேசியின் இரண்டு முனையிலும் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தோம். இவர் குசினியிலிருந்து, "பாஸோ?" என்று கேட்டார்.

ஹீட்டர் வேலை செய்யும் நூலக மூலையை நான் உமக்காகப் பிடித்து வைத்திருந்தேன். நம்மை விட இருபது வயது இளைய பிள்ளைகள் நடுவே, வாரத்தில் மூன்று இரவு வேலை செய்துகொண்டே படித்தீர். அந்த மூலையிலேயே தூங்கினீர், என் தோளில்தான். பட்டம் வாங்கிய நாளில் கறுப்பு அங்கிக்குள்ளே சிவப்புச் சேலை. மலேசியாவிலிருந்து யாரும் வர முடியவில்லை. உம்முடைய பெயரைக் கூப்பிட்டபோது எங்கள் வரிசையில் நானும் இவரும் மகளும் எழுந்து நின்றோம். மகள்தான் கத்தினாள். அந்த மண்டபத்தில் அப்படிக் கத்துவது வழக்கம் இல்லை. நீர் மேடையிலிருந்தே கையை ஆட்டினீர்.

பிறகு நீர் சொன்ன மாதிரியே செய்தீர். ஆஸ்பத்திரி மூடியது. உம்முடைய பழைய வார்டு ஆட்கள் ஆறு பேரை வைத்த வீட்டுக்கே நீர் வேலைக்குப் போனீர். நான் அகதியாக வந்தவர்களோடு பேசும் வேலையில் சேர்ந்தேன். இருவருக்கும் பெரிய சம்பளம் இல்லை. ஆனால் நாம் சந்திக்கும்போது வேலையைப் பற்றி முறைப்பாடு சொன்ன நினைவு எனக்கு அதிகம் இல்லை. "இன்னிக்கு ஆதர் தானா டீ போட்டான்" என்று நீர் சொல்வீர், ஏதோ மகன் சோதனையில் தேறியதுபோல. முப்பது வருடம் வார்டில் இருந்தவர் ஆதர். கேத்தலைத் தொடவே பயந்தவர்.

நோய் என்று தெரிந்ததும் நீர் என்னிடம் நேராகவே சொன்னீர். வேலையை முடிந்தவரை விடவில்லை. கடைசி வாரங்களில் நான் வந்து பக்கத்தில் இருப்பேன். அதிகம் கதைக்கமாட்டோம். ஒரு நாள், "நல்லாத்தான் இருந்துச்சுல்ல?" என்று கேட்டீர். எதை என்று நான் கேட்கவில்லை. "ஓம், நல்லா இருந்தது" என்றேன். அது உண்மை. அழுதுகொண்டு சொன்னாலும் உண்மைதான்.

தகனத்துக்கு அந்த ஆறு பேரும் வந்தார்கள். இஸ்திரி போட்ட சட்டை, தலை வாரி, ஒரே வரிசையில். முடிந்து வெளியே வந்தபோது ஆதர் என்னிடம் வந்து, வியாழக்கிழமை இனி யார் வருவார் என்று கேட்டார். வேலை இல்லாத நாளிலும், வியாழன் மாலைகளில் நீர் அங்கே போய்ச் சும்மா இருந்து தேத்தண்ணீர் குடிப்பீராம். எனக்கு அது தெரியாது. நீர் சொன்னதே இல்லை.

நான் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். யோசித்துச் சொல்லவில்லை, வாயில் வந்தது.

முதல் வியாழன் போனபோது எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. படித்தவள், சான்றிதழ் உள்ளவள். ஒரு கதிரையின் விளிம்பில் இருந்து காலநிலையைப் பற்றிக் கதைத்தேன். ஆதர் தேத்தண்ணீர் கொண்டுவந்தார், சீனி கூட. தொலைக்காட்சியில் யாரோ பூச்செடி நட்டார்கள். ஒருவர் தூங்கிவிட்டார். இருட்டியதும் நான் எழும்பிக் கோட்டைப் போட்டேன். ஆதர் வாசல்வரை வந்து கதவைத் திறந்து பிடித்தார். அந்த வெள்ளைக்கார முதியவர், மிகுந்த கவனத்தோடு, ஒவ்வொரு எழுத்தாக, உம்முடைய குரலின் ஏற்ற இறக்கம் அப்படியே இருக்க, தமிழில் சொன்னார்:

"போய்ட்டு வா."

உள்ளே இருந்து இன்னும் இரண்டு குரல்கள் அதையே சொல்லின. நீர் ஒவ்வொரு முறையும் புறப்படும்போது அவர்கள் சொல்லவேண்டிய சொல்லைக் கற்றுக்கொடுத்திருக்கிறீர். எங்கள் ஆட்கள் யாரும் போகிறேன் என்று சொல்வதில்லை என்பதையும், அதற்கு மற்றவர் என்ன சொல்லவேண்டும் என்பதையும், இந்த லண்டனில் ஆறு பேருக்குப் பழக்கிவிட்டுப் போயிருக்கிறீர்.

நான் படியில் நின்று, "வாறன்" என்றேன். அவருக்கு அது போதவில்லை. அது சரியான பதில் இல்லையென்று நினைத்தாரோ என்னவோ, என்னைத் திருத்துவதுபோல், "வரேன்" என்றார்.

"வரேன், ஆதர்" என்றேன்.

இன்று வியாழக்கிழமை. மழை விட்டிருக்கிறது. இதை இங்கே நிறுத்திவிட்டுக் கோட்டைப் போடவேண்டும்.